கழிக்க வேண்டிய வெளிச்சம்

மணி இரண்டே கால். காற்றில் ஈரம் நான்கு விழுக்காடு.
திறந்த கூரைக்குக் கீழே
எட்டு மீட்டர் அகலத்துக்கு ஆடி விழித்திருக்கிறது.
கட்டுப்பாட்டு அறையில் நான்
பூசணி சூப்பை ஆறவிட்டு மறந்திருக்கிறேன்.

இன்றைய இலக்குக்குப் பெயரில்லை, எண்தான்.
அதைக் கேட்டு எழுதிய ஜெர்மன்காரர்
இந்நேரம் அங்கே பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

பத்து நிமிடத் திறப்பு முடிந்து
படம் இறங்குகிறது வரி வரியாக:
முதலில் ஒரு கை, சாம்பல் சிந்தி.
பிறகு குறுக்கே ஒரு கட்டை.
அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை.
யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்டு
கதவை எடுத்துக்கொண்டு போய்விட்டது போல
தாழ்ப்பாள் மட்டும் சுழல்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
அது ஏதோ திடமான பொருள் என்றிருந்தேன்.
கட்டை என்று அங்கே எதுவும் இல்லையாம்.
நீண்டு ஒடுங்கிய தடங்களில்
விண்மீன்கள் போகின்றன, வருகின்றன;
ஒன்றும் தங்குவதில்லை.
அந்த நெரிசலுக்குத்தான் அந்தப் பெயர்.

நோல்பெர்ட்டோவிடம் சொன்னபோது
"அப்படியென்றால் நம் வீடு" என்றான்.

செப்புச் சுரங்கத்தில் அவனுக்கு
ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே.
எனக்கு எட்டுக்கு எட்டு.
அந்தோஃபகஸ்தாவில் வாடகை வீடு.
சேர்ந்திருக்கும் நாள்கள் நாள்காட்டியில்
நகர்ந்துகொண்டே இருக்கும், சில மாதம் காணாமலும் போகும்.
குளிர்பெட்டிக் கதவில் அவன் கையெழுத்து:
கேஸ்காரருக்குக் கொடுத்தாயிற்று.
பூனை வாந்தி எடுத்தது, பயப்படாதே.
ரொட்டி உறையவைத்திருக்கிறேன்.
அதற்குக் கீழே என்னுடையது. அதற்குக் கீழே அவனுடையது.

ஆறு கோடி ஆண்டு வந்த ஒளி
என் படத்தின் கீழ்மூலையில்
ஒரு மங்கல் கறையோடு கலந்து கிடக்கிறது.
கிழக்கே, மலைக்குப் பின்னால், சுரங்கத்தின் விளக்குகள்.
நூறு கிலோமீட்டர் தள்ளியும்
வானத்தின் அடியை நக்குகிற வெளிச்சம்.
அதை எதிர்த்து அமைச்சகத்துக்கு மனு போனது;
நானும் கையெழுத்திட்டேன்.
வீட்டில் சொல்லவில்லை.

அவன் லாரியின் முகப்பு விளக்கும் அதில் இருக்கும்,
பிரித்தெடுக்க முடியாத ஒரு துளி.

செய்முறை எளிது:
வெற்று வானத்தை அள, பொருத்து, கழி.
கழித்தேன். கைகள் இரண்டும் தெளிந்தன.
கட்டையின் ஓரத்தில் தூசிக்கோடு ஒன்று, மயிரிழை.
ஜெர்மன்காரர் மகிழ்வார்.

கழித்ததை யாரும் கேட்பதில்லை; அழித்துவிடலாம்.
அதற்கும் ஒரு கோப்பு திறந்து
தேதியும் நேரமும் போட்டு,
பெயர்க் கட்டத்தில் சற்றுத் தயங்கி,
"ரொட்டிக்கு நன்றி" என்று தட்டினேன்.

சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது.
அடுத்த திறப்பு, பத்து நிமிடம்.