இடது பெடல்

இந்த மாதம் மூன்று டிராக்டர் பார்த்தாயிற்று.
ஒன்றில் எண்ணெய்க்குள் தண்ணீர்.
ஒன்றில் தண்ணீருக்குள் எண்ணெய்.
மூன்றாவதுக்குக் காகிதமே கிடையாது,
கைகுலுக்கினால் போதும் என்றார்கள்.
கையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இது நான்காவது. மூய் ரிவருக்கு மேற்கே,
ஜூன் மாதம், மாட்டுத் தொட்டியில் பனிக்கட்டி.
எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி
ஏழுக்கே வந்து நின்றேன், வேண்டுமென்றேதான்.
ஃபூரி எனக்கு முந்தியிருந்தார்.
பானட்டில் கை வைத்தேன்.
சூடு.

குளிரில் எழ முரண்டுபிடிக்கும் இன்ஜினை
ஆள் வருமுன் எழுப்பி உட்காரவைப்பது
பெண் பார்க்க வரும் நாளில் பூசும் பவுடர் மாதிரி.
"ஆறட்டும்" என்றேன்.
"மிஸிஸ் படையாச்சி, மூன்று மணி நேரம் ஆகுமே!"
"சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன்."

மாஸி ஃபெர்குசன் நூற்று முப்பத்தைந்து,
அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி.
சிவப்பு மட்டும் போன வாரத்தது.
மணிக்கணக்கு மீட்டரில் இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு பாதிரியாருடையதாம், ஞாயிற்றுக்கிழமை தொடமாட்டாராம்.
மீட்டரைப் பார்த்தால்
மற்ற ஆறு நாளும் தொட்டிருக்கமாட்டார் போல.

மாட்டுக்குச் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று
கேள்விப்பட்டதோடு சரி.
எனக்குத் தெரிந்தது செருப்பு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பத்தொன்பது வருஷம்
அடித்தோல் தைக்கும் மெஷின்.
ஃபாக்டரியை மூடியபோது கையில் கொடுத்ததுதான்
இன்று ஒன்பது ஹெக்டேர் புல்லாக நிற்கிறது.
பழுதென்று திரும்பிவரும் ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்து
ஆள் எத்தனை கிலோ, எந்தக் கால் நொண்டி,
நின்று வேலை செய்கிறவனா நடந்து செய்கிறவனா
என்று பந்தயம் கட்டுவோம்.
பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன்.

சாப்பாட்டை முடித்துக் குனிந்தேன்.
இடது பெடல். கிளட்ச்.
வார்ப்பிரும்பில் வரி ஒன்றுகூட மிச்சமில்லை.
நடுவே ஒரு பள்ளம்,
உள்ளோரம் கத்திபோல் மெலிந்து.
அங்கே மட்டும் புதுச் சிவப்பு ஒட்டவில்லை.
கனத்த ஆள். ஒரே ஆள்.
பூட்ஸ் போட்ட பாதத்தை உள்பக்கம் சாய்த்து மிதிக்கிறவன்.
இரண்டாயிரம் மணி நேரமா இது?

"இதை ஓட்டினவரைக் கூப்பிடுங்கள்."
ஃபூரி காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்.
பிறகு விசிலடித்தார்.

பால் கொட்டகைப் பக்கமிருந்து வந்தவரின்
முகத்தை நான் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன்.
இடது பூட்ஸ் உள்பக்கம் சாய்ந்திருந்தது.
ஃபிலேமோன் ம்துங்வா. முப்பத்தோரு வருஷம்.
பாதிரியாரைக் கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான்.

ஆறிப்போன இன்ஜினை அவரே எழுப்பினார்.
இருமியது. மறுபடி இருமியது.
வெள்ளைப் புகை, கொஞ்சம் நீலம்,
பிறகு ஒன்றுமில்லை, மூன்று சிலிண்டரும் சீராக.
இரண்டாவது கியர் இறக்கத்தில் குதிக்கும் என்றார்.
பின்தூக்கி இரவில் தானே இறங்கிவிடும் என்றார்.
ஃபூரி தொண்டையைச் செருமினார்,
அவர் நிறுத்தவில்லை.

"பேலர் இழுக்கப்போகிறீர்களா?
அப்படியானால் இது முக்கியம்.
பாதி மிதித்தால் டிராக்டர் நிற்கும், பேலர் சுற்றும்.
புல் கனமாக வரும் இடத்தில் நின்று ஊட்டலாம்.
முழுக்க மிதித்தால் எல்லாம் நின்றுவிடும்,
புல் வாய்க்குள் அடைத்துக்கொள்ளும்,
அப்புறம் கத்தியோடு படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.
பாதி எங்கே என்று இதில் இப்போது தெரியாது.
என் காலுக்குத் தெரியும்."

ஏறி உட்கார்ந்தேன். என் கால் அஞ்சாம் நம்பர்.
பள்ளத்துக்குள் அங்குமிங்கும் அலைந்தது
மகன் செருப்பை மாட்டிக்கொண்ட மாதிரி.
மெதுவாக அழுத்தினேன்.
உள்ளோரத்தில் சாய்த்தபோது
எங்கோ கீழே
ஒரு சின்னத் தயக்கம்.

அங்கேதான், என்று ஃபிலேமோன் தலையசைத்தார்.

"புதுப் பெடல் மாட்டித் தருகிறேன்" என்றார் ஃபூரி.
"பெடல் இருக்கட்டும். தொடாதீர்கள்.
கிளட்ச் தட்டுக்கு ஒன்பதாயிரம் ரேண்ட் கழியுங்கள்.
பாதிரியாருக்கு இன்னும் இரண்டாயிரம்."