இருநூற்றுப் பதினேழாவது படிவம்

பெயர் எழுத வேண்டாம் என்று
முதல் பக்கத்தின் தலையில் நானேதான் அச்சடித்தேன்.
அதனால்தான் இப்போது தெரியவில்லை
நீ யாரென்று.

ஹவாசாவில் மழை பிடித்துக்கொண்ட செவ்வாய்.
நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள், இரண்டு அட்டைப்பெட்டி,
மேல் கட்டிலில் செனாயித்தின் பகல் தூக்கம்.
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூச்சியம்,
தட்டிக்கொண்டே வந்தேன்.

கேள்விப்பட்டதுண்டா? ஆம்.
யார் சொல்லி? தோழி.
எவ்வளவு நேரத்துக்குள் விழுங்க வேண்டும்?
ஒருத்தி 'மறுநாள் காலை மட்டும்' என்கிறாள்.
ஒருத்தி 'நாள் தள்ளிப்போன பிறகு'.
ஒருத்தி கோக்கில் உப்பைக் கலக்குகிறாள்.
சிரிப்பு வரவில்லை. போன வருடம்
நானும் எதையோ கலக்கிக் குடித்தவள்தான்;
அது இந்த ஆய்வில் இல்லை.

பிறகு நீ.
பத்தாம் கேள்விக்குக் கட்டம் காலி.
ஓரத்தில் பென்சில், அழுத்தாத எழுத்து:
'சனி இரவு நான்கு மணி. இன்னும் நேரம் இருக்கிறதா?'

எங்கள் கடிகாரம் விடியலிலிருந்து எண்ணும்.
இரவு நான்கு என்றால் வெளியுலகத்துக்குப் பத்து.
விரல்விட்டுப் பார்த்தேன்.
எப்படி எண்ணினாலும்
மாத்திரைப் பெட்டியில் போட்டிருக்கும் எழுபத்திரண்டில்
அறுபத்தைந்து போயிருந்தது.

நெறிமுறைப்படி உன்னைத் தேடக்கூடாது.
கையெழுத்தை வைத்து மோப்பம் பிடிக்கக்கூடாது.
பேராசிரியர் கெப்ரெயேசுவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"ஓரக்குறிப்பெல்லாம் சேர்க்காதே,
புள்ளிவிவரம் கலங்கிவிடும்."

கலங்கட்டும்.

மிச்சப் படிவங்களின் முதுகில் மார்க்கரால் எழுதினேன்.
நான்கு மாடி, எட்டுக் கழிவறை,
கதவின் உட்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே:

சனிக்கிழமை என்று எழுதியவளுக்கு.
நேரம் இருக்கிறது. இப்போதே போ.
தள்ளத் தள்ளப் பலன் குறையும்,
நாளைக்குத்தான் முடியுமென்றால் நாளைக்காவது போ.
பின்வாசலுக்கு எதிரே பச்சைச் சிலுவைக் கடை.
அந்த அம்மா பெயர் கேட்பதில்லை, விரலில் மோதிரம் தேடுவதில்லை.
காசில்லையென்றால் பதினான்காம் அறை.

ஒட்டி முடிக்கையில் பகல் பத்து.
பதினான்காம் அறையை ஒருத்தி தட்டினாள்,
சார்ஜர் கேட்டு.
அவள் எழுத்து எப்படி இருக்குமென்று
விரல்களையே பார்த்தபடி கொடுத்தேன்.
இருட்டிய பிறகு பின்வாசலில் ஒரு பஜாஜ் வந்து நின்றது.
ஏறியது யாரென்று மழை காட்டவில்லை.

காலையில் மூன்றாம் மாடியில் ஒரு தாள் மட்டும் இல்லை.
நான்கு மூலைக்கும் ஒட்டிய நாடா அப்படியே இருந்தது.
வார்டன் என்றால் எட்டையும் கிழித்திருப்பாள்.
ஈரத்தில் தானாக விழுந்தும் இருக்கலாம்,
தரையில் தேடினேன், இல்லை.

கணினியில் உன் வரிசை திறந்தே கிடக்கிறது.
தெரியும் ஒன்று, தெரியாது பூச்சியம்.
கேட்கத் தெரிந்தவளுக்கு என்ன எண்
என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மேல் கட்டிலில் பலகை முனகுகிறது.
செனாயித், சுவர்ப்பக்கம் திரும்பியபடியே,
மணி என்ன என்று கேட்கிறாள்.