சத்தம் எப்படி இருந்தது

பெயர் மாசிலாமணி, வயது நாற்பத்தொன்று,
தொழில் பூண்டு, ஊர் கூக்கால்
என்று எழுதிக்கொண்டார்.
மணி என்ன இருக்கும்?
பால் வண்டி திரும்பிப் போன பிறகு,
மேகம் இறங்கி வேலிக்கல் மறைந்த நேரம் என்றேன்.
பதினொன்றே முக்கால் என்று அவரே போட்டுக்கொண்டார்.

இன்ஜின் இருமியதா?
இல்லை.
விட்டுவிட்டு வந்ததா?
இல்லை சார்.
தைலமரக் காட்டில் அறுக்கிற மெஷின் என்றுதான்
முதலில் நினைத்தேன்.
அப்புறம் அது நகர்ந்தது,
மலைக்கு மேலே அல்ல
என் தலைக்கு மேலே.
அடிக்கோடிட்டார்.

கடைசியில்?
கடைசியில் ஒரு மூச்சு சத்தம் கூடியது,
மேட்டில் ஜீப் கியர் மாற்றுகிற மாதிரி.
பிறகு?
பிறகு நாய்கள்.

சோலைக்குள் ஏறி இரண்டு மணி நேரம் தேடினோம்.
காட்டுப்பூவரசு அந்த வாரம்தான் பூத்திருந்தது.
அத்தனை சிவப்பில்
இறக்கையின் சிவப்புப் பட்டை பிடிபடவே இல்லை.
பெட்ரோல் வாடைதான் கூட்டிப்போனது.

இரண்டு பேர்.
நரைத்தவர் வாத்தியார் என்று பின்னால் சொன்னார்கள்.
மற்றவன் தொடையில் ஓர் அட்டை கட்டியிருந்தான்,
பரீட்சைக்குப் போகிற பிள்ளை போல.
பென்சிலில் கட்டம் கட்டமாக எழுத்து.
திண்டுக்கல் தாண்டிய நேரம் இருந்தது.
பழனி என்று எழுதி
எதிரே கட்டம் காலி.
வெயில் தெளிந்தால்
எங்கள் மேட்டில் நின்றே பழனியைப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் அவன் அப்பா வந்தார்.
துறையூரில் சிமென்ட் கடை.
நிரஞ்சன் நூற்றெண்பது மணி நேரம் ஓட்டிட்டாங்க,
இருபதுதான் பாக்கி என்றார்,
கடன் தவணை சொல்வது போல.
சேறு அப்பிய செருப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.
ஆட்கள் மிதித்துப் படுத்துவிட்ட என் பூண்டுப் பாத்திகளை
சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

அவரும் அதையேதான் கேட்டார்.
வழி தெரிந்த சத்தமாக இருந்தது என்றேன்.
தடுமாற்றமே இல்லை.
நின்றபோது ஒரேயடியாக நின்றது.

ஜீப்பைச் சொல்லவில்லை.

அப்படின்னா பயப்படலை, என்றார்.
சொன்னாரா கேட்டாரா தெரியவில்லை.
தலையாட்டினேன்.

என்ன செய்வதென்று தெரியாமல்
இரண்டு கிலோ பூண்டு கட்டிக் கொடுத்தேன்.
கையில் தூக்கிப் பார்த்து
எடை சரியாக இருக்கிறது என்றார்.
பிறகு விலை கேட்டார்.