இடுப்பெலும்பில் மூன்றில் ஒரு பங்கு

டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில்
என் அலுவலகம். ஒமாஹாவின் தெற்குப் பக்கம்.
காற்று திசை மாறினால்
இறைச்சிக்கூடத்தின் வாடை
கோப்புகளுக்குள்ளும் வந்து உட்காரும்.
கண்ணாடிக் கதவில் இரண்டே வரி:
விபத்து வழக்கு. குடும்ப விசா.
கீழே என் பெயர், நொயேமி சால்டிவார்,
கடைசி எழுத்து பாதி உரிந்து.

வில்மர் அஹானெல் இரண்டுக்குமாக வந்தான்.
அக்டோபரில், கூரை மாற்றும் வேலையில்,
மூன்றாம் மாடி உயரத்தில்
ஏணி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.
ஏணியை வாடகைக்கு விட்ட கம்பெனி மீது வழக்கு.
இடது இடுப்பில் ஒரு தகடு, ஏழு திருகாணி.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்,
புதிதாய்க் கட்டிய வீட்டைக் காட்டுகிறவன்போல.

மனைவி பெத்ரோனா குவாத்தமாலாவில், தொத்தொனிகப்பானில்.
கல்யாணமாகி நாலு வருஷம்.
சேர்ந்து இருந்தது நாற்பத்தொரு நாள்.

பச்சைக் கோப்பில் எழுதினேன்:
இவரால் இனி ஏணி ஏற முடியாது,
பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க முடியாது,
இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது.
மஞ்சள் கோப்பில் நானேதான் எழுதினேன்:
இவரால் ஒரு மனைவியை வைத்துக் காப்பாற்ற முடியும்.

இரண்டும் பொய்யில்லை.
ஆனாலும் விளக்கணைக்கும் முன்
ஒன்றை அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் போவேன்.
ஒரே மேசையில் கிடந்தால்
ஒன்றையொன்று படித்துவிடும்.

பிப்ரவரியில் வாக்குமூலம்.
எதிர்த்தரப்புக்குக் காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் கர்ட் வெசெலி,
மகளின் பள்ளிக்காக என்னிடம் பிஸ்கட் டப்பா விற்றவர்.
தாம்பத்திய இழப்பு என்று ஒரு தலைப்பு உண்டு சட்டத்தில்.
பேனாவைத் தட்டியபடியே கேட்டார்:
"மனைவி இருப்பது மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.
ஏணியிலிருந்து விழுந்ததில்
அவரிடம் நீங்கள் இழந்தது என்ன?"

நான் சொல்லிக்கொடுத்திருந்த பதில்களில்
இதற்கு ஒன்றும் இல்லை.
கிச்சே மொழியில் தனக்குள் ஏதோ சொல்லிப் பார்த்து
ஸ்பானிஷில் பேசினான்:

"வேலை முடிந்து ரயில் பாதை ஓரமா
நடந்துகிட்டேதான் அவகிட்ட பேசுவேன்.
பனியில என் பூட்ஸ் நெரியறது அவளுக்குக் கேட்கும்.
பாலம் வந்திருச்சு போலன்னு அவளே சொல்லுவா.
இப்ப உட்கார்ந்து பேசறேன்.
இருக்கியா, இருக்கியான்னு
நடுநடுவுல கேட்கறா."

வெசெலி தண்ணீர் குடித்தார்.
அடுத்த கேள்வி,
விழுந்த அன்று காற்று எப்படி இருந்தது.

எழுத்துப்பிரதி வந்ததும்
அந்தப் பக்கத்தை நகலெடுத்து
மஞ்சள் கோப்பில் சேர்த்தேன்.
திருமணம் மெய்யானது என்பதற்குச் சான்று,
இணைப்பு பன்னிரண்டு.
அதுவரை அங்கே இருந்தவை
பணம் அனுப்பிய ரசீதுகள்,
யாரும் வெட்டாத ஒரு கேக்கின் புகைப்படம்.

ஏப்ரலில் தொகை முடிவானது.
இடுப்பெலும்பில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு;
ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்து இருக்கிறது.
சம்பளம் போதாத இடத்தில் சேமிப்பைக் காட்டலாம்,
ஆனால் பற்றாக்குறையைப்போல் மும்மடங்கு வேண்டும் அரசுக்கு.
என் பங்கை எடுத்தால்
அறுநூற்றுப் பத்து டாலர் உதைத்தது.
அள்ளிக் கொடுத்தவள் என்று நினைத்துவிட வேண்டாம்,
எனக்கும் வாடகை உண்டு.
சரியாக அறுநூற்றுப் பத்து விட்டுக்கொடுத்தேன்.

மறு ஜனவரியில் இருவரும் வந்தார்கள்.
பேசியதெல்லாம் அவன்தான்.
அவள் என் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
போகும்போது, உப்புத் தூவிய பார்க்கிங்கில்,
அவனை முன்னே நடக்கவிட்டு
நின்றுகொண்டாள், கண்ணை மூடி.
ஒரு நெட்டடி. ஒரு குட்டையடி.
அவளுக்குப் பழக்கமில்லாத நெரிசல்.
கார் வரைக்கும் கேட்டாள்.
பிறகு ஓடினாள்.

மஞ்சளைப் பச்சையின் மேல் வைத்துக் கட்டினேன்.
டோனட் கடையில் சொன்னார்களாம்,
கழுத்துப் பட்டையோடு ஒருத்தி
கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.
இழுக்க வேண்டிய கதவு அது.