பதினேழு விழுக்காடு

கொள்முதல் நிலையத்தில் மூன்று நாளாய்க் காற்றிலும் ஈரம்.
தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டுக்கொண்டிருந்தது
யாருடையதோ தை அறுப்பு.
மீட்டரில் இருபது, இருபத்தொன்று.
பதினேழுக்கு மேல் வாங்க எனக்கு அதிகாரமில்லை என்று
முப்பது பேரிடம் முப்பது குரலில் சொல்லிவிட்டு
பட்டியல் புத்தகத்தைப் பூட்டி
மன்னார்குடிக்கு பஸ் ஏறினேன்,
மதியக் காட்சிக்கு.
டிக்கெட் கிழித்தவர் என் தலைமுடிச் சுணையைப் பார்த்து
"அறுப்பா?" என்றார்.

காதல் படம் என்றுதான் சுவரொட்டி சொன்னது.
ஆனால் இடைவேளைக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள்.
வில்லன் இல்லை. அரிவாள் எடுத்த அப்பன் இல்லை.
குக்கர் வளையம் வாங்க மறந்த ஒரு சாயங்காலம்,
அதைப் பற்றி இருவரும் பேசாத ஒரு வாரம்,
பிறகு ஒரு ஆட்டோ, இரண்டு பெட்டி.
"அடுத்த பாதியில சேத்துவச்சிருவான்" என்று
பின்வரிசையில் ஒருவர்
பக்கத்துக் காலி இருக்கையிடம் சொன்னார்.

சேர்த்துவைக்கவில்லை.
அவள் ஸ்கூட்டர் பழகினாள்,
ஒரு முழுப் பாட்டு நேரம், பாட்டில்லாமல்.
அவன் ரசம் வைத்தான். கொட்டினான். வைத்தான்.
கடைசியில் பெட்ரோல் பங்கில்
காற்றடிக்கும் இடத்தில் எதிர்ப்பட்டு,
பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று பேசிவிட்டு
ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
"காசத் திருப்பிக் குடுங்கடா" என்று எவனோ கத்த,
இருந்த பதினைந்து பேரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

இந்திரஜித்தும் நானும் நீடாமங்கலத்தில்
ரயில்வே கேட்டை ஒட்டிய மாடியில் ஆறு வருடம்.
அந்த கேட்டில் பைக்கோடு காத்துக் கிடந்துதான்
முதலில் பேசத் தொடங்கினோம்.
நாற்பது நிமிடம் மூடிக்கிடந்தால் எவ்வளவு பேசலாம் தெரியுமா.
பிறகு அதே நாற்பது நிமிடம்
பக்கக் கண்ணாடியில் அவன் முகம்,
என் கையில் சீட்டின் பின்கம்பி.
தோளிலிருந்து கம்பிக்குக் கை எப்போது மாறியதென்று
இருவருக்கும் தேதி தெரியாது.

"என்னதான்டி கத்துக்கிட்ட?" என்பாள் அக்கா,
ட்யூஷனுக்குப் போய்வந்தவளைக் கேட்பதுபோல்.
பசிக்கிறது என்றால் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அக்கா.
முகம் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று
இரவு பதினொன்று வரை உட்கார்ந்திருக்கக் கூடாது.
அவன் நல்லவன். நானும் மோசமில்லை.
அது போதாமல் போகும் என்று
இன்றைய படத்துக்கு முன்னால் ஒரு படமும் எனக்குச் சொன்னதில்லை.
குழம்பில் இன்னும் அவன் அளவுக்குத்தான் உப்பு விழுகிறது.
அது எந்தக் கணக்கில் வரும் தெரியவில்லை.
சாப்பிட்டுவிடுகிறேன்.

மழை கெடுத்த வருடங்களில் தளர்வு ஆணை வரும்,
இருபத்திரண்டு வரை வாங்கலாம் என்று.
நேற்று திருப்பியனுப்பிய அதே நெல்லை
இன்று தூற்றி எடை போடுவோம்.
எங்களுக்கும் அப்படி ஒரு காகிதம் வந்திருந்தால்
என்று நினைத்த காலமுண்டு.
ஆனால் ஈரத்தோடு தைத்த மூட்டை
கிடங்கில் என்ன ஆகுமென்று பார்த்தவள் நான்.
வெளியே ஒன்றும் தெரியாது.
உள்ளே கைவிட்டால் சுடும்.

திரும்பும்போது பஸ் கேட்டில் நின்றது.
சரக்கு ரயில். எண்ண ஆரம்பித்து முப்பதில் விட்டேன்.
ஏதோ ஒரு வேகனில் நான் பில் போட்ட சாக்கும் போகலாம்.
முன்சீட்டுக்காரர் திரும்பினார்.
குரலில்தான் அடையாளம் தெரிந்தது,
காலி இருக்கையோடு பேசியவர்.
"நீங்களும் படத்துல இருந்தீங்கல்ல?
அந்தப் பொண்ணு ஒருதரம் திரும்பிப் பாத்திருக்கலாம்.
என்ன கொறஞ்சா போயிருவா?"
அவர் கையில் போன். ஒரு பெயரில் நின்று
வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"கேட் தெறந்துட்டான்" என்றேன்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
ஆனாலும் பஸ் நகரவில்லை.
முன்னால் ஒரு டிராக்டர்,
தார்ப்பாய் போர்த்திய நெல்லோடு,
ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது.