இரண்டு வெட்டுக்கு நடுவில்

படிவத்தின் ஆறாவது கட்டம்: ஆயுள்.
'ஓராண்டு' என்று நிரப்ப வேண்டும்.
புக்கிட் பாத்தோக்கில்
ரயில் தூண்களுக்குப் பின்னால் ஒரு சரிவு.
அங்கே மண்டியிட்டு
எந்த ஆண்டு என்று யோசிக்கிறேன்.

இந்த ஊரில் பங்குனிக்கும் மார்கழிக்கும்
ஒரே சட்டை போதும்.
மழை நாலு மணிக்கு வரும், அல்லது வராது.
விதையிடம் யார் போய்ச் சொல்வது,
காலம் வந்துவிட்டது எழுந்திரு என்று?

சொல்வது புல்வெட்டி.
மாதம் ஒருமுறை, மஞ்சள் லாரி, நாலு பேர்.
ஒரு வெட்டு முடிந்த ஈரத்தில் முளை,
அடுத்த வெட்டுக்கு முன்னால் விதை.
அதற்குள்தான் அதன் சித்திரையும் ஐப்பசியும்.

சீதேவி செங்கழுநீர்.
பேரைக் கேட்டால் ஏதோ கோயில் குளத்தில்
தாமரைக்குப் பக்கத்து வீடு என்று நினைப்பீர்கள்.
சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.
பலமுறை துவைத்த ஊதா.
அருகில் முயல்செவி, அதைவிடச் சின்னது.
இரண்டும் இம்மண்ணுக்குரியவை என்கிறது பட்டியல்.
மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பூ,
அதற்கு நேராக: 'பூர்வீகம் தெரியவில்லை'.
அப்படியும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள்.
வந்ததா, இருந்ததா,
யாரும் பார்க்கவில்லை.
அதை நிரப்பும்போது மட்டும்
என் கையெழுத்து அழகாக விழுகிறது.

முழங்கால் உயரம் வளரும் என்கிறது கையேடு.
அளவுகோல் வைத்தேன். நாலு சென்டிமீட்டர்.
கத்தி ஓடுவது ஐந்தில்.
நிமிர்ந்தவை எல்லாம் போய்
குனிந்தவற்றின் பிள்ளைகள் மட்டும் மிச்சம்.
இதைப் பணிவு என்று யாராவது எழுதினால்
ஒப்புக்கொள்ள மாட்டேன்.
படுத்தபடியே பூத்துமிருக்கிறது.

ஆகஸ்டில் குத்தகை கைமாறியது.
பழைய கம்பெனி போய்விட்டது,
புதியது வந்து சேரவில்லை.
ஏழு வாரம் கத்தி இல்லை.
நாலு வாரம் வெறும் பச்சை.
ஐந்தாம் வாரம்
சரிவு முழுக்க ஊதாப் புகை.
ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்துக்குள்
இருநூற்றுப் பன்னிரண்டு தலை எண்ணினேன்.
ஒன்று பறந்துபோனது.
இருநூற்றுப் பதினொன்று.

நான்காம் மாடித் திருமதி ஓங்
தாழ்வாரத்திலிருந்து படம் எடுத்தார்.
அழகுக்கு என்று நினைத்துக் கை அசைத்தேன்.
புகாருக்கு.
கொசு வரும், பாம்பு வரும், பராமரிப்பு இல்லை.
அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.
போன வருடம் டெங்குவில்
பதினோரு நாள் படுக்கையில் இருந்தவர்.

திங்கட்கிழமை புது லாரி வந்தது.
ரஃபிக்குல் முகத்திரையை இறக்கி
இயந்திரத்தை முடுக்குமுன்
என் சட்டத்தைக் காட்டினார்.
இதை மட்டும் விட்டுவிடவா?
ஒரு நொடி ஆசைதான்.
வேண்டாம், வெட்டுங்கள் என்றேன்.
'வெட்டுக்குப் பின்' என்று
படிவத்தில் ஒரு பக்கமே இருக்கிறது.

பத்தரைக்கு முடிந்தது.
பேருந்து நிறுத்தம்வரை பச்சை வாசனை,
அதற்காக மைனாக்கள் பத்துப் பதினைந்து.
ரஃபிக்குல் முகத்திரையைக் கழற்றினார்.
புருவத்தில், காலரில், காலணி நாடாவில்
வெள்ளை வெள்ளையாய்.
'துலா' என்றார்.
பஞ்சைத்தான் அவர் மொழியில் அப்படிச் சொல்வார்களாம்.
ஒவ்வொரு பஞ்சுக்கு அடியிலும்
மணல்போல் ஒரு கறுப்பு.
பேர் கேட்டார். சொன்னேன்.
இரண்டுமுறை சொல்ல வைத்தார்.
இத்தனூண்டுக்கு இவ்வளவு பேரா என்பதுபோல்
விரல் நுனியைப் பார்த்துச் சிரித்தார்.
பாதியைத் தட்டினார்,
மீதியோடு ஏறிக்கொண்டார்.

லாரி அடுத்து சுவா சூ காங்.
சாப்பாட்டுக்குப் பிறகு ஈசூன்.

ஆறாவது கட்டம் இன்னும் காலி.
ஏழாவது: பரவும் விதம்.
'காற்று' என்று முன்பே அச்சாகியிருந்தது.
அதை அடித்துவிட்டு
வண்டி எண்ணை எழுதினேன்.