முப்பத்தாறு

படிவத்தில் அளவுகள்
முப்பத்தொன்பதில் தொடங்குகின்றன.
அதற்குக் கீழே உலகத்தில்
கால்களே இல்லை என்று நினைக்கிறது கம்பெனி.

ஓரத்தில் பேனாவால் முப்பத்தாறு என்றெழுதி
வட்டமும் போட்டுக் கொடுத்தேன்.
முப்பத்தொன்பது வந்தது.
செருப்புக்காகக் காலை வெட்டுவார்கள் என்பது பழமொழி.
என்னிடம் காலை வளர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

காலுறை மேல் காலுறை,
நுனியில் மடித்துத் திணித்த செய்தித்தாள்.
போன ஞாயிறின் கால்பந்து முடிவுகளை மிதித்தபடி
மூன்று வருடம்
கலாமாவிலிருந்து மெஹியோனெஸ் துறைமுகத்துக்குச்
செம்புத் தகடு இறக்கினேன்.
இருபத்தெட்டு டன் முதுகில் உட்கார்ந்து தள்ள,
பாலைவனம் முழுக்க இறக்கம்.
பிரேக் பேசும்; மெல்லத்தான் பேசும்.
நடுவில் இவ்வளவு காகிதம் இருந்தால்
பாதத்துக்கு என்ன கேட்கும்?

பாகெதானோவில் ஒரு மதியம்
சங்கிலியை இறுக்கும்போது நெம்புகோல் கைநழுவியது.
நேராகப் பூட்ஸின் மேல்.
இரும்புத் தொப்பிக்கு ஒரு விரற்கடை பின்னால்,
என் விரல்கள் உண்மையில் குடியிருந்த இடத்தில்.

தொப்பி கடமை தவறவில்லை.
செய்தித்தாளைக் காப்பாற்றியது.

மேற்பார்வையாளர் ஒஸ்வால்தோ பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார்,
திருப்பிப் பார்த்தார்.
"ஒரு கீறல்கூட இல்லை யோவான்கா,
தரமான சரக்கு" என்றார்.
பனிக்கட்டிப் பைக்குள் இருந்த என் பெருவிரல்
அப்போதுதான் கறுக்க ஆரம்பித்திருந்தது.

சொந்தக் காசில் வாங்குவதென்று முடிவெடுத்தேன்.
சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன்.
பத்து மணிநேரம் ஓட்டி வீங்கிய கால்தான்
என் நிஜமான கால்.
காலையில் இருப்பது விருந்தாளி.

ஃபிலோமேனா கிஸ்பே கடையில் முதலில் வந்தது
ரோஜா நிற நாடா போட்ட ஜோடி.
"பெண்களுக்கென்றே" என்றாள்.
இரண்டு கையாலும் வளைத்தேன்,
நடுவில் ரொட்டிபோல மடிந்தது.
பசை மட்டும்தான், தையல் இல்லை.
அவளும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
தொழிற்பள்ளிப் பையன்களுக்காக வரவழைத்த
பழுப்பு ஜோடி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள்.

நாடாவைக் கட்டினேன். நடக்கவில்லை.
நடப்பதா என் வேலை?
"அந்த ஏணியைக் கொடு."
உயரத் தட்டுக்கான ஏணியில் ஏறி
லாரியிலிருந்து இறங்குவதுபோல
முகம் உள்ளே, முதுகு தெருவுக்கு,
இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் பிடியில்,
இறங்கினேன். ஏறினேன். மறுபடி இறங்கினேன்.
கணுக்கால் எந்தப் பக்கமும் சாயவில்லை.
பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து
ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கிளட்ச் ஆக்கினேன்.
வலது குதிகாலைத் தரையில் ஊன்றிச்
சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எனக்கு முதலில் தேய்வது அந்த ஓரம்தான்,
ரப்பர் அங்கே தடிமனாக இருந்தது.
குழந்தைக்கு மருந்து வாங்க வந்த ஒருவன்
கடை மாறி நுழைந்துவிட்டு
என்னைப் பார்த்தபடியே நின்றான்.

விலை, நான்கு நாள் சம்பளம்.
பேரம் பேசினேன். நாடா ஒன்று இலவசம்.

மறுநாள் கடல் முதலில் தெரியும் வளைவில்
பிரேக்கை அழுத்தினேன்.
காற்று சீறி விலகுவது,
டிரம் பிடிப்பது,
பின்னால் சுமை ஒரு கணம் தயங்கி
என்னோடு சம்மதிப்பது,
எல்லாம் உள்ளங்காலுக்கு வந்து சேர்ந்தது.
யாரும் இல்லாத வண்டியில்
"சரி, கேட்கிறது" என்று சத்தமாகச் சொன்னேன்.

கறுத்த நகம் முழுதாக விழ
இன்னும் ஐந்து மாதம் ஆகுமாம்.
அதற்குள் புதிய படிவம் வந்துவிடும்.
ஓரத்தில் இந்த முறை
கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதலாம் என்றிருக்கிறேன்.
பழைய ஜோடியை மேசைமேல் வைத்துவிட்டும் வரலாம்,
காகிதத்தை உருவாமல்.